ஆம் என்கிற விரல்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
பெட்டி பெட்டியாய்க் கடந்து முடிகிறவரை
என் கடையில் கூட்டம் குறையாது.
பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
சிட்டா, அடங்கல், ஆதார்,
ஈரக்கை பட்டு நொந்துபோன நகல்கள்.

அப்போது எனக்கு ஒரே கணக்குதான்.
அட்மின்.
காலையில் ஷட்டரைத் தூக்கினால் அட்மின்,
மத்தியானம் சோற்றோடு சீரியல் பார்த்தால் அட்மின்,
மகன் கார்ப் பந்தயம் இறக்கினாலும் அட்மின்.
கணினி விற்றவன் அப்படியே விட்டுப்போனான்.
என் கடை, நான்தானே முதலாளி என்று
நானும் இருந்துவிட்டேன்.

மின்னஞ்சலில் வந்தது அது:
திருத்திய அடங்கல் பட்டியல்.
திறந்தேன்.
திரை லேசாக இருண்டு கேட்டது:
இந்தச் செயலி உங்கள் கணினியில்
மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?

ஓயாமல் கேட்கிற கேள்வி.
பிரிண்டருக்குக் கேட்கும், கைரேகைக் கருவிக்குக் கேட்கும்.
கண் படிக்கும் முன்னே
விரல் சொல்லிவிடும்,
கல்யாண வீட்டில் சாப்டாச்சா என்றால்
பசியோடு தலையாட்டுகிற மாதிரி.
ஆம்.

பூவனூர் போனது. ரிஷியூர் போனது.
ஒளிமதியின் நாற்பது குத்தகைக்காரர்கள்
வாயில் நுழையாத எழுத்துகளாக மாறினார்கள்.
தனிக் கணக்கில் ஜெரினா வைத்திருந்ததும் போனது.
அவள் எதையும் அழுத்தவில்லை.
சோம்பலில் செருகியே கிடந்த காப்பு வட்டும் போனது.
நான் போகக்கூடிய அறைக்கெல்லாம்
அதுவும் போனது,
என் பெயரில், என் செருப்பைப் போட்டுக்கொண்டு.

கேட் திறந்தது.
ஆட்கள் மன்னார்குடிக்கு பஸ் ஏறினார்கள்.
மாசிலாமணிக்கு மட்டும் வரிசை எட்டவில்லை.
ஒன்றேகால் ஏக்கர்.
திட்டவில்லை அவர்,
நகலுக்குத் தந்த பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டார்.
அந்த வருஷம் புயல் எங்கள் பக்கம் திரும்பவில்லை.
ஆனாலும் டிசம்பர் முழுக்க
நாகப்பட்டினம் கடலின் வானிலை அறிக்கையை
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு சென்ட் நிலம் இல்லாதவள்.

பிறகொரு நாள், மூணாறு தலைப்பில் வேலை பார்க்கும்
லஸ்கர் கோவிந்தராசு
வைப்புநிதிப் படிவத்துக்கு வந்தபோது கேட்டேன்:
டீ குடிக்க வரும்போது
மதகு ஏற்றுகிற கைப்பிடியையும் கொண்டுவருவீங்களா?
எதுக்கு, என்றார்.
சர்க்கரை கலக்கவா?

வெண்ணாறும் கோரையாறும் பாமணியும்
பிரிகிற இடத்துக் கைப்பிடி அது.
வயலுக்குத் தண்ணீர் விட
மண்வெட்டி போதும், இரண்டு வெட்டு.
தவறாக வெட்டினால் என் வயல் மூழ்கும்.
மூழ்கட்டும். வரப்புக்கு அந்தப் பக்கம்
ஜெரினாவின் நாற்று நிற்கும்.

இப்போது இரண்டு கணக்கு.
தினப்படிக்கு ‘கடை’. அதற்கு ஒன்றும் தெரியாது,
படிவம் நிரப்பும், நகல் எடுக்கும், சீரியல் காட்டும்.
மற்றதன் கடவுச்சொல் நீளம்,
மனசில் நிற்காது.
பின்னால் அரிசி டிரம்மின் மேல்
பழைய கேஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.
எட்டு அடி தூரம்.
மகனுக்கு அதில் கோபம்,
பந்தயக் கார் வாசலிலேயே நிற்கிறதாம்.

இன்று காலையும் திரை இருண்டது.
ஆம், இல்லை மட்டும் இல்லை,
கடவுச்சொல்லுக்கு ஒரு வெற்றுக் கட்டம்.
எழுந்தேன்.
டிரம் வரைக்கும் போகவில்லை,
பாதியில் நின்று யோசித்தேன்:
பிரிண்டரை யாரும் தொடவில்லையே,
அப்புறம் கேட்டது யார்?
திரும்பி வந்து பெயரைப் படித்தேன்.
வெறும் எண்கள்.

வெளியே கேட் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது.
பைக்காரன் ஒருவன் குனிந்து நுழையப் பார்த்தான்.
நான் உட்கார்ந்துவிட்டேன்.